இருபத்தைந்து சிப்பம் நெல்லும் ஒரு ஜோடி இயர்பட்ஸும்

ரூ.25,000 கொடுத்து வாங்கும் இயர்பட்ஸில் தோடி ராகம் எப்படிக் கேட்கும்? விமர்சனம் எழுதுபவர்களும் காணொளியில் பேசுபவர்களும் இந்தக் கேள்விக்குள் போவது அபூர்வம். பேஸ் எப்படி அதிர்கிறது, கேமுக்கு ஆகுமா, டப்பா எப்படித் திறக்கிறது என்று பார்த்துவிட்டு, சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டி முடித்துவிடுகிறார்கள். 2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த விலை, சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு ரூ.2,500. அந்தக் கணக்கில் 25,000 ரூபாய் என்பது 10 குவிண்டால் நெல். கொள்முதல் நிலையத்தில் தைத்து அடுக்கும் 40 கிலோ சிப்பமாகச் சொன்னால் இருபத்தைந்து. இவ்வளவு பணத்தைக் காதில் வைத்துக்கொள்ளும் பொருளுக்குக் கொடுக்கிற தஞ்சாவூர்க்காரர், தான் கேட்கும் இசை, தான் ஏறும் பஸ், தன் ஊர் வெயில் ஆகியவற்றை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

ஒலிக் கருவிகளை யாருடைய இசையை வைத்துச் சோதிக்கிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல. எம்.பி.3 முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், பக்கவாத்தியம் எதுவுமில்லாமல் சுசான் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அதைச் செப்பம் செய்தார். இன்றைய இயர்போன்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் பின்பற்றும் ‘ஹார்மன் வளைவு’, ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2012 வாக்கில் தொடங்கிய ஆய்வில் பிறந்தது. பலரை உட்காரவைத்து, எந்த ஒலிச் சமநிலை பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தொகுத்தது அது. அங்கே ஒலித்தது பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். ஹார்மன் 2017 முதல் சாம்சங்கின் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ரசனை எவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்பது விளங்கும். ஆய்வில் தவறில்லை. ஆனால் அதில் நாகஸ்வரம் இல்லை, தவில் இல்லை, தம்புரா இல்லை.

கடையில் என்ன கிடைக்கிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். வயரே இல்லாமல் காதுக்கு ஒன்றாகப் பிரிந்த இந்தக் கருவி 2014, 2015 வாக்கில் ஜெர்மனியின் பிராகி, ஜப்பானின் ஆன்கியோ போன்றவர்களின் முயற்சியாகத் தொடங்கியது. 2016 டிசம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் விற்பனைக்கு வந்த பிறகுதான் தெருவுக்கு வந்தது. இன்று உயர்விலைப் பிரிவில் பேசப்படுபவை ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ, 2023-இல் வந்த சோனி எக்ஸ்எம்5, அதே ஆண்டின் போஸ் க்வையட்கம்ஃபர்ட் அல்ட்ரா, 2024-இல் வந்த சென்ஹைசர் மொமென்டம் ட்ரூ வயர்லெஸ் 4, சாம்சங் கேலக்ஸி பட்ஸ் 3 ப்ரோ ஆகியவை. இந்தியாவில் அறிமுக விலை ஏறத்தாழ ரூ.18,000 முதல் ரூ.26,000 வரை. டெல்டாவில் இவற்றில் பல சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் சொந்தக்காரர்களின் பெட்டியில் வந்து சேர்கின்றன. அப்படி வரும் பொருளுக்கு இங்கே வாரன்டி உண்டா என்பதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

இனி ஒலி. கும்பகோணம் - மயிலாடுதுறை வழியில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். அதற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்துத் திருவாவடுதுறைதான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) ஊர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகச் செய்து கொடுத்த பாரி நாகஸ்வரம்தான் இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது. கோபுர வாசலில் ஊதினால் நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்று உருவான வாத்தியம் இது. ஆதார சுருதிக்கு மேலே அடுக்கடுக்காக ஏறும் மேல் ஸ்வரக்கூறுகளில்தான் அதன் பலம். மனிதக் காதின் துளைக்கோ 3,000 ஹெர்ட்ஸ் அருகே இயல்பாகவே ஒலியைக் கூட்டிக் காட்டும் குணம் உண்டு. இயர்போன் காதை அடைத்ததும் அந்த இயல்பு மாறிவிடுவதால், செய்பவர்கள் அதே இடத்தில் ஒலியைத் தூக்கி ஈடுகட்டுகிறார்கள். இந்தத் தூக்கல் கொஞ்சம் மிஞ்சினால் மேற்கத்திய பாடகியின் குரல் ‘தெளிவாக’ இருக்கும். நாகஸ்வரமோ காதைக் கிழிக்கும். குறைந்தால் ஊதுபவர் பந்தலுக்கு வெளியே நிற்பதுபோல இருக்கும்.

ஆகவே சோதனை இப்படி இருக்கட்டும். தோடி ஆலாபனையில் காந்தாரத்தை அசைத்து நிறுத்தும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அசைவு ஒரே இழையாக, ஏறி இறங்கும்போது சத்தம் கூடிக் குறையாமல் கேட்க வேண்டும். சில பட்ஸில் ஸ்வரம் மேலே போகும்போது திடீரென்று முன்னால் பாயும், கீழே வரும்போது பின்வாங்கும். வாசித்தவர் அப்படி வாசிக்கவில்லை. கருவியின் ஒலிச்சமநிலையில் அந்த இடத்தில் ஒரு மேடோ பள்ளமோ இருக்கிறது. பத்து வினாடியில் பிடிபட்டுவிடும் குறை இது. எந்த அளவீட்டுப் படமும் இல்லாமல், ராகம் தெரிந்த யாரும் கண்டுபிடிக்கலாம்.

தவிலில் பார்க்க வேண்டியது வேறு. வலப்பக்கமான வலந்தலையில் விழுவது துணியும் பசையும் சுற்றிக் காய்ந்து கல்லாகிப்போன விரல் கூடுகள். இடப்பக்கமான தொப்பியில் விழுவது குச்சி. ஒன்று வெடிப்பு, மற்றொன்று அதிர்வு. மலிவான பட்ஸில் பேஸை ஏற்றிவைத்திருப்பதால் தொப்பியின் அதிர்வு வீங்கி, அடுத்து வரும் வலந்தலைச் சொல்லை மூடிவிடுகிறது. தனி ஆவர்த்தனத்தில் வேகம் கூடியதும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரைச்சலாகிவிடும். உயர்விலைக் கருவிக்கு உண்மையாகவே கொடுக்கும் காசு இந்த இடத்தில் தெரிகிறது: அதிரவேண்டியது அதிர்ந்து, உடனே அடங்குகிறது.

மிருதங்கமும் தம்புராவும் இன்னும் நுட்பமானவை. இதை நமக்கு அறிவியலாக விளக்கியவர் காவிரிக்கரையில்தான் பிறந்தார். 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி.ராமன், ஒளியை ஆராய்ந்து நோபல் பரிசு பெறுவதற்கு வெகு முன்பே, 1920-இல் ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சாதாரணத் தோற்கருவியில் மேல் அதிர்வுகள் சுருதியோடு ஒட்டாமல் சிதறும். வலந்தலையின் நடுவே கரணை என்ற கருஞ்சாந்தைப் பூசுவதால் அவை ஒழுங்குபட்டு, கம்பி வாத்தியத்தைப்போல ஸ்வரம் பேசுகின்றன என்பது அவர் கண்டது. அடுத்த ஆண்டு வீணையையும் தம்புராவையும் எடுத்துக்கொண்டார். கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அங்கே அசையாதிருக்க வேண்டிய மேல் அதிர்வுகள் எழவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. நம் வாத்தியங்களின் வளைந்த குதிரை அந்த விதியை மீறி, அந்த அதிர்வுகளையும் எழுப்புகிறது என்று காட்டினார். ஜீவா நூலைக் கம்பிக்கடியில் நகர்த்திச் சரியான இடம் கண்டதும் தம்புரா ‘பேசும்’ அந்தப் பளபளப்பு இதுதான்.

மிருதங்கத்தில் தொப்பிப் பக்கத்துக் கும்கியைக் கேளுங்கள். மணிக்கட்டை அழுத்தி நகர்த்த, ஒலி கீழிருந்து மேலே வழுக்கிப் போகிறது. ஸ்வரம் ஏறுவது தெரிகிறதா, அல்லது ‘டும்’ என்று ஒரு மூட்டம் மட்டும்தானா? தம்புராவில் பஞ்சமக் கம்பி மீட்டியபின் எழும் ரீங்காரம் அடுத்த கம்பி வரை தொடர்கிறதா, பாதியில் அறுந்து மணல் உரசுவதுபோல் ஆகிறதா? இந்த இரண்டையும் ஒழுங்காகத் தரும் பட்ஸ், இளையராஜாவையும் ரஹ்மானையும் தாராளமாகத் தரும். இதன் மறுதலை உண்மையல்ல.

இந்தப் பிரிவில் சென்ஹைசர் நடு ஒலியில் நிதானம் காப்பதாகவும், சோனி, சாம்சங் இரண்டும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருப்பதாகவும் பல மதிப்பீடுகள் சொல்கின்றன. செயலியில் உள்ள ஈக்வலைசரில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை இரண்டு மூன்று டெசிபல் இறக்கினால் மிருதங்கம் உடனே தெளிகிறது. நாகஸ்வரம் குத்தினால் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு படி இறக்குங்கள். ஆப்பிள் இந்த உரிமையை மிகவும் சுருக்கித்தான் தருகிறது. அதன் இயல்பான சமநிலை பிடித்திருந்தால் மட்டுமே அதை வாங்கலாம்.

பாட்டைச் சுருக்கி ப்ளூடூத்தில் அனுப்பும் முறையான கோடெக் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. சி.டி.யின் தரவு வேகம் விநாடிக்கு 1,411 கிலோபிட். சோனியின் எல்டாக் அதிகபட்சம் 990. ஐபோன் ஏஏசி என்ற முறைக்கு மேல் போவதில்லை. காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் நாம் கேட்பது என்ன? 78 சுழற்சி இசைத்தட்டு, வானொலி நிலையப் பதிவு, யாரோ கச்சேரியில் மடியில் வைத்துப் பதிந்த கேசட், அவை எல்லாம் யூடியூபில் ஏறி இன்னொரு முறை சுருங்கியவை. ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டில் இல்லாத அதிர்வெண்ணை எந்தக் கோடெக்கும் கொண்டுவராது. பழைய பதிவின் உரசல் ஒலியை நல்ல பட்ஸ் இன்னும் கூர்மையாகக் காட்டும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடெக்கைவிடப் பத்து மடங்கு முக்கியமானது முனையில் இருக்கும் ரப்பர். அது காதை முழுதாக அடைக்காவிட்டால் கீழ் ஒலி கசிந்து போய்விடும், இரைச்சல் நீக்கமும் பாதி வேலைதான் செய்யும். ‘இதில் பேஸே இல்லை’ என்று சொல்கிற பலருக்கு ரப்பர் அளவுதான் தவறு. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தவேண்டும் என்றும் இல்லை. அடைப்பு சரியாக இருக்கும்போது நீங்கள் பேசினால் உங்கள் குரல் மண்டைக்குள் குடத்தில் பேசுவதுபோலக் கேட்கும். அப்படிக் கேட்டால் அளவு சரி. நம் ஊரில் இதற்கு ஒரு விலை உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் சித்திரை வியர்வையிலும் மணிக்கணக்கில் அடைத்துவைத்த காதில் பூஞ்சை வருவது சுலபம். வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் காதுப் பூஞ்சை சகஜமான நோய். குளித்த காதை உலர்த்தாமல் மாட்டாதீர்கள். ரப்பரைக் கழற்றிக் கழுவுங்கள். வலைக்கண்ணியில் குறும்பி அடைத்தால் ஒரு பக்கம் சத்தம் குறையும். பழுது என்று கொண்டுபோய்க் கொடுக்கப்படும் பட்ஸில் கணிசமானவற்றுக்கு இதுதான் நோய்.

தண்ணீர், தூசு பற்றி ஒரு நுணுக்கம். ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் வியர்வையும் தூறலும் தாங்கும். எக்ஸ் என்பது தூசுக்கான மதிப்பு தரப்படவில்லை என்று பொருள். சோனி எக்ஸ்எம்5, போஸ் அல்ட்ரா இரண்டும் இந்த வகை. சென்ஹைசர் ஐபி54, சாம்சங் பட்ஸ் 3 ப்ரோவும் 2025-இல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ 3-உம் ஐபி57. பதர் பறக்கும் களத்திலும், அறுவடை மெஷின் ஓடும் வயலோரத்திலும் நிற்பவருக்கு இந்த ஒற்றை எழுத்து பெரிய வித்தியாசம்.

இரைச்சல் நீக்கத்தின் கதை 1936-இல் ஜெர்மானியர் பால் லூக் பெற்ற காப்புரிமையோடு தொடங்குகிறது. வரும் ஒலிக்கு நேரெதிரான ஒலியை எழுப்பி இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துவிடுவது யோசனை. அதை ஹெட்போனுக்குள் கொண்டுவர முனைந்தவர் அமர் போஸ். கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன். 1978-இல் விமானப் பயணம் ஒன்றில், இன்ஜின் சத்தத்தில் பாட்டு கேட்க முடியாமல் அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார். இன்றும் இதில் போஸ் நிறுவனத்துக்கு நிகரானவர்கள் சிலரே.

ஒரே சீராக ஓடும் அடிக்குரல் இரைச்சலைத்தான் இது நன்றாக அழிக்கும். உழவன் எக்ஸ்பிரஸின் ஏசி பெட்டி உறுமல், பஸ் இன்ஜின், ஆழ்துளைக் கிணற்று மோட்டார், நெல் அறுக்கும் மெஷினின் டீசல் சத்தம் எல்லாம் அந்த வகை. ஏர் ஹாரன், கண்டக்டர் விசில், குழந்தையின் அழுகை உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். ‘சுத்தமாக ஒன்றும் கேட்காது’ என்று விற்பனையாள் சொல்வதை நம்பி வாங்கக்கூடாது.

இருந்தும், இந்த விலைக்கு என்னைப் பொறுத்தவரை முதல் நியாயம் இரைச்சல் நீக்கம்தான், அதுவும் காதின் ஆயுளுக்காக. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கே நாலு மணி நேரம்தான். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு நாள்தோறும் பஸ்ஸில் வந்துபோகும் கல்லூரி மாணவர், இன்ஜின் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்க வேண்டி ஒலியை ஏற்றினால், இரண்டே நாளில் அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடலாம். சுற்றுச் சத்தம் அடங்கினால் கை தானாக ஒலியைக் குறைக்கும். கெட்ட செவி நரம்பு திரும்ப வளர்வதில்லை.

வெளிச் சத்தத்தை உள்ளே விடும் வசதியும் அதே அளவு முக்கியம். ஏர்பாட்ஸ் ப்ரோ இதில் முன்னால் நிற்கிறது என்பதில் பலரும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் டிவிஎஸ் எக்ஸ்எல்-லில் காதை அடைத்துக்கொண்டு போவதற்கு இதைச் சாக்காக்காதீர்கள். பின்னால் வரும் மணல் லாரி எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்ல எந்த மைக்கும் வெறும் காதுக்கு ஈடாகாது. வரப்பில் நடக்கும்போதும் அப்படித்தான். மெஷின் பின்னால் எடுக்கும்போது யாராவது கத்தினால் கேட்க வேண்டும்.

அடுத்தது போன் பேச்சு. இந்த மண்ணுக்கே உரிய ஒரு பிரச்சினை இதில் இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடியில் உட்கார்ந்து நியூ ஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் உள்ள குழந்தைகளுக்கு இணையத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் நிறைய. பட்ஸை மாட்டிக்கொண்டு வகுப்பு தொடங்கியதும் இரண்டு காரியம் நடக்கிறது. முதலாவது, மைக் திறந்த உடனே ப்ளூடூத் பாட்டு கேட்கும் முறையிலிருந்து பேச்சு முறைக்கு மாறிவிடுகிறது. அகலமாக இருந்த ஒலி, வழக்கமான இணைப்பில் 8,000 ஹெர்ட்ஸுக்குள், சில கருவியில் 4,000-க்குள், ஒற்றைத் தடமாகச் சுருங்கும். ரூ.25,000 கருவி அந்த நேரத்தில் சாதாரண ஹெட்செட் ஆகிவிடுகிறது. இரண்டாவது இன்னும் மோசம். பேச்சைத் தெளிவாக்க வைத்திருக்கும் மென்பொருள், மாறாமல் ஒலிக்கும் எதையும் ஃபேன் சத்தம் என்று நினைத்து நீக்கும். தம்புராவின் வேலையே மாறாமல் ஒலிப்பதுதான். ஆகவே ஆசிரியர் வைத்த சுருதி மாணவருக்குப் போய்ச் சேருவதில்லை. நீட்டிப் பிடித்த ஷட்ஜமமும் நடுவில் மங்கிப் போகும். குழந்தை சுருதி விலகுகிறதென்று இரு பக்கமும் சங்கடப்படுகிறார்கள். ஸூமில் இசைக்கலைஞர்களுக்கான ‘அசல் ஒலி’ அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டு, பட்ஸைக் கழற்றிவிட்டு, வயர் இயர்போனும் தனி மைக்கும் வைத்தால் தொல்லை பெருமளவு தீரும்.

தாளம் போட்டுப் பயிற்சி செய்பவருக்கும் பட்ஸ் ஆகாது. ப்ளூடூத்தில் ஒலி வந்துசேரச் சாதாரணமாகக் கால் விநாடிக்குக் கொஞ்சம் முன்பின் தாமதம். நிமிடத்துக்கு 60 அட்சரம் ஓடும் தாளத்தில், அட்சரத்துக்கு நான்கு சொல் என்றால் ஒரு சொல்லின் நீளமே கால் விநாடிதான். திரையில் வாசிக்கும் விரலையும் காதில் விழும் சொல்லையும் ஒத்துப்பார்த்துப் பாடம் பண்ண முடியாது. செயலித் தம்புராவை மட்டும் போட்டுக்கொண்டு தனியாகப் பாடுவதென்றால் தாமதம் பிரச்சினையில்லை. ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், சொந்தக் குரல் கெடாமல் கேட்கும்.

கடைசியாக ஆயுள். ஒவ்வொரு பட்ஸும் ஆறேழு கிராம்கூட இல்லை. சோனி எக்ஸ்எம்5 5.9 கிராம். அதற்குள் இருக்கும் பொட்டளவு லித்தியம் பேட்டரி புதிதில் இரைச்சல் நீக்கத்தோடு சோனியில் எட்டு மணி நேரமும், போஸில் ஆறும் வரும். தினமும் ஓட்டினால் இரண்டு மூன்று ஆண்டில் அது கண்கூடாகக் குறையும். வெப்பம் அதை வேகப்படுத்தும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரிலும், வண்டிப் பெட்டிக்குள்ளும் டப்பாவை விட்டுவைப்பவர் தன் பேட்டரியைத் தானே கொல்கிறார். பசை போட்டு ஒட்டியிருப்பதால் பெரும்பாலானவற்றில் பேட்டரியை மாற்ற முடியாது. ஐரோப்பாவின் ஃபேர்ஃபோன் நிறுவனம் 2024-இல் பேட்டரி மாற்றக்கூடிய பட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு அது போதும். 25,000-ஐ மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ ரூ.700. ஒற்றை பட்ஸ் பஸ் சீட்டுக்கடியில் உருண்டு போனால் இந்தக் கணக்கும் கிடையாது.

என் தீர்ப்பு இதுதான். நாள்தோறும் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்வருபவர், மாதம் ரூ.700 வலிக்காதவர் என்றால் வாங்கலாம். இரைச்சல் நீக்கத்தையும் ரப்பர் பொருத்தத்தையும் முதலில் பாருங்கள், கோடெக்கைக் கடைசியில் பாருங்கள். வயல், களம், இரு சக்கர வண்டி என்று நாள் போகிறவருக்கு ரூ.1,500 கருவி போதும், அதையும் ஒற்றைக் காதில். வீட்டில் உட்கார்ந்து தோடி கேட்பதும், வகுப்பு நடத்துவதும்தான் வேலை என்றால் ரூ.3,000-க்குள் கிடைக்கும் நல்ல வயர் இயர்போனைப் பட்ஸால் வெல்ல முடியாது. அதற்குச் சார்ஜ் வேண்டாம், தாமதமும் இல்லை.

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவு விலையுள்ள பொருளைக் கண்ணாடிக்குள் காட்டி மட்டும் விற்காதீர்கள். ஒவ்வொரு மாடலிலும் ஒரு ஜோடியைச் சோதனைக்கு வையுங்கள், ஆளுக்கு ஒரு புது ரப்பர் கொடுங்கள், பத்து நிமிடம் கேட்க விடுங்கள். வாங்க வருபவர்களும் தாங்கள் நன்றாக அறிந்த ஒரு தோடியையும் ஒரு தனி ஆவர்த்தனத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொண்டு வாருங்கள். சோதித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.